தொலைநோக்கி வாங்குமுன்

சிறு தொலைநோக்கிப் பெட்டியின்மேல் "450 மடங்கு பெருக்கும்" என அச்சிட்டிருப்பதைக் கண்டு நாம் மயங்கிவிடுகிறோம். பெற்றோர் மிகைநேர வேலை செய்து சேர்த்த பணம் அங்கேதான் வீணாகிறது. கருவியின் ஆற்றல் முன்வில்லையின் அகலத்தில் உள்ளது; அகன்ற வில்லையே மிகுந்த ஒளியைத் திரட்டும். 60 மி.மீ. வில்லை ஏறக்குறைய 120 மடங்கு வரைதான் தெளிவு தரும். அதற்குமேல் பெருக்கினால் மங்கலே பெரிதாகும். 1610ஆம் ஆண்டில் கலிலியோ வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்குக் கருவியால் அன்றோ!

முக்காலியையும் தட்டிப் பார்த்தே வாங்குதல் வேண்டும். அது ஆடினால் நிலவும் ஆடும்.

700 மி.மீ. குவியத் தொலைவுள்ள குழாயில் 20 மி.மீ. கண்வில்லையைப் பொருத்தினால் 35 மடங்கு கிடைக்கும். முதன்முதலில் அதனால் நிலவையே பார்ப்போம். முழுநிலவைவிட அரைநிலவே ஏற்றது. அப்பொழுது நிழல் நீண்டு விழுவதால் நிலவின் பள்ளங்கள் தெளிவாகத் தெரியும். பணம் போதாதெனில் 7 மடங்கு, 50 மி.மீ. இருகண் நோக்கியே போதும். தோட்டத்து இருள் நகரத்தார்க்குக் கிட்டாத செல்வமாயிற்றே!

தொலைநோக்கியால் சூரியனை ஒருபோதும் நோக்கலாகாது. நொடியில் பார்வை பறிபோகும். பழைய பெட்டிகள் சிலவற்றில் கண்வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று இருக்கும். வெப்பத்தால் அது வெடித்துவிடக்கூடும். அதை அன்றே உடைத்துக் குப்பையில் போட்டுவிடுவோம்.