நீக்குதல் வேறு, அழித்தல் வேறு

கற்றல் நோக்கங்கள்

- அறிவியல் கட்டுரையைப் படித்துக் கருத்துணர்தல்
- கணினி தொடர்பான தமிழ்ச் சொற்களை அறிந்து பயன்படுத்துதல்
- தன்வினை, பிறவினை வேறுபாட்டை உணர்தல்

நுழையும் முன்

வீட்டுக் கணினியில் புதிய இயங்குதளம் வந்துவிட்டது. பழைய வன்தட்டு தேவையற்றதாகத் தோன்றுகிறது. அதனை அப்படியே விற்றுவிடலாமா? அதில் இருப்பவை யாவும் உண்மையிலேயே அழிந்துவிட்டனவா? விடை காண்போம்.

பாடம்

2015ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு, 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதனால் பலர் விண்டோஸ் 11 பக்கம் செல்கின்றனர். சிலர் லினக்ஸ் வகை இயங்குதளங்களை நாடுகின்றனர். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இந்திய இயங்குதளமும் லினக்ஸ் வகையைச் சேர்ந்ததே. இவ்வாறு மாறும்போது புதிய திடநிலை வட்டு ஒன்றை வாங்கி, அதில் புதிய இயங்குதளத்தை நிறுவுவது வழக்கம். அப்போது பழைய வன்தட்டு மிஞ்சுகிறது.

மிஞ்சிய தட்டில் இருப்பது பழைய இயங்குதளம் மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் பல்லாண்டு வாழ்க்கையே அதில் பதிந்திருக்கும். ஆதார் அட்டையின் படி, வங்கிக் கணக்கு விவரம், மதிப்பெண் சான்றிதழ், ஊரிலுள்ள வீட்டின் பட்டா, பாட்டி பேசி அனுப்பிய ஒலிப்பதிவு, திருமணப் படங்கள் என அவை பலவகைப்படும். இவற்றுள் சில பிறர் கைக்குப் போகக் கூடாதவை; சில ஒருபோதும் தொலைந்துபோகக் கூடாதவை. ஆகவே, பழைய தட்டைத் துடைப்பவர் இரண்டு இடர்களை ஒருசேரத் தவிர்க்க வேண்டும்.

நீக்கினால் என்ன நிகழ்கிறது?

பாடநூலின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் பாடங்கள் மறைந்துவிடுமா? மறையா. பக்கங்களைப் புரட்டினால் அவை அங்கேயே இருக்கும். வன்தட்டின் நிலையும் இத்தகையதே. கோப்பு ஒன்றை நீக்கிக் குப்பைத்தொட்டியையும் காலிசெய்தால், அக்கோப்பு இருக்குமிடத்தைக் காட்டும் குறிப்பு மட்டுமே அகற்றப்படுகிறது. அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை கோப்பின் உள்ளடக்கம் தட்டிலேயே தங்கியிருக்கும். மீட்பு மென்பொருளைக் கொண்டு அதனை வெளிக்கொணர இயலும்.

'விரைவு வடிவமைப்பு' என்பதும் ஏறத்தாழப் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றதே. அது சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அந்த விரைவே, தட்டு முழுவதும் தொடப்படவில்லை என்பதற்குச் சான்று.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு மாணவர்களான சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலத் ஆகிய இருவரும், பிறர் பயன்படுத்திக் கைவிட்ட 158 வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்தனர். அவற்றுள் 129 இயங்கின. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. எஞ்சியவற்றுள் பலவற்றில் மருத்துவம் தொடர்பான கடிதங்களும் கடன் அட்டை எண்களும் கிடைத்தன. 2003ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு, நீக்கப்பட்டது அழிந்துவிட்டது என மக்கள் தவறாக நம்புவதை உலகிற்கு உணர்த்தியது.

ஐந்து படிகள்

1. காத்தல்

முதலில் தேவையான கோப்புகள் அனைத்தையும் வேறோர் இடத்தில் நகலெடுக்க வேண்டும். முகப்புத்திரை, பதிவிறக்கக் கோப்புறை, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், மின்னஞ்சல் தொகுப்பு ஆகியன எளிதில் மறக்கப்படுபவை. நகலெடுத்தால் மட்டும் போதாது. நகலெடுத்த கோப்புகளைத் திறந்தும் பார்க்க வேண்டும். பெயர் மட்டும் இருந்து, திறக்க மறுக்கும் படத்தால் பயனில்லை. அரிய படங்களையும் ஒலிப்பதிவுகளையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் வைப்பது நலம். பழைய தட்டு பிட்லாக்கர் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதனைப் புதிய இயங்குதளத்திலிருந்து திறக்க 48 இலக்க மீட்புத் திறவு தேவைப்படலாம். அதனையும் முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும்.

2. தனித்து நிற்கச் செய்தல்

இது பலர் தவறவிடும் படி. கணினியை இயக்கியதும், இயங்குதளம் எங்குள்ளது என்று வழிகாட்டுவன தொடக்கக் கோப்புகள். இரண்டு தட்டுகளும் இணைந்திருக்கும்போது புதிய இயங்குதளத்தை நிறுவினால், இக்கோப்புகள் பழைய தட்டிலுள்ள சிறிய பிரிவிலேயே எழுதப்பட்டுவிடக்கூடும். அந்நிலையில் பழைய தட்டைத் துடைத்தால், புதிய இயங்குதளம் பழுதின்றி இருந்தும் கணினி தொடங்காது. ஆகவே கணினியை அணைத்து, மின்னிணைப்பைத் துண்டித்து, பழைய தட்டைக் கழற்றிவிட்டு, புதிய தட்டைக் கொண்டு மட்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். தொடங்கினால் அடுத்த படிக்குச் செல்லலாம்; தொடங்காவிட்டால் தொடக்கக் கோப்புகளை முதலில் சீரமைக்க வேண்டும். சில நாள்கள் இந்நிலையிலேயே கணினியைப் பயன்படுத்தினால், விடுபட்ட கோப்புகளும் நினைவுக்கு வரும்.

3. அடையாளம் காணல்

பழைய தட்டின் கொள்ளளவு 500 ஜிபி, புதியதன் கொள்ளளவு 512 ஜிபி எனக் கொள்வோம். விண்டோஸ் திரையில் அவை முறையே 465, 476 என்ற எண்களுடன் தோன்றும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் கண் ஏமாறக்கூடும். 'டிஸ்க் 0', 'டிஸ்க் 1' என்னும் பெயர்களும் நிலையானவையல்ல. எனவே கொள்ளளவு, நிறுவனத்தின் பெயர், மாதிரி எண் ஆகிய மூன்றையும் தட்டின் மேல் ஒட்டப்பட்டுள்ள தாளுடன் ஒப்பிட வேண்டும். நகல்கள் உள்ள வெளித்தட்டை அவ்வேளையில் கணினியிலிருந்து பிரித்து வைத்தல் வேண்டும். இணைக்கப்படாத தட்டைத் தவறியும் அழிக்க முடியாது.

4. அழித்தல்

சுழலும் வன்தட்டு முழுவதும் சுழியங்களை எழுதுவதே அழிக்கும் வழி. இதற்கு 'மேலெழுதுதல்' என்று பெயர். விண்டோஸில் 'விரைவு' என்னும் குறியை நீக்கிவிட்டு முழு வடிவமைப்புச் செய்தால், அந்தப் பிரிவு முழுவதும் சுழியங்கள் எழுதப்படும். தட்டில் பல பிரிவுகள் இருப்பின் அனைத்தையும் அவ்வாறு செய்ய வேண்டும். இன்றைய வன்தட்டுகளுக்கு ஒருமுறை மேலெழுதுதலே போதுமானது. நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதினால், 500 ஜிபி தட்டிற்கு ஏறத்தாழ 83 நிமிடங்கள் ஆகும். பொறுமை இங்கே பாதுகாப்பின் விலை.

திடநிலை வட்டின் இயல்பு வேறு. அதன் நினைவுச் செல்கள் ஒரே சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, புதிய தரவை வேறு செல்களில் எழுதும் ஏற்பாடு அதற்குள் உள்ளது. இயங்குதளத்தின் கண்ணுக்குப் புலப்படாத இருப்புச் செல்களும் அதில் உண்டு. ஆதலால் மேலெழுதினாலும் பழைய தரவு ஏதேனும் ஒரு மூலையில் எஞ்சலாம். தயாரித்த நிறுவனம் வழங்கும் மென்பொருளைக் கொண்டு, வட்டிற்குள்ளேயே அமைந்த பாதுகாப்பு அழிப்புக் கட்டளையை இயக்குவதே இதற்கு ஏற்ற வழி.

5. சரிபார்த்தல்

அழித்த பின், மீட்பு மென்பொருளைக் கொண்டு தட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். எதுவும் கிட்டாவிடில் பணி நிறைவுற்றது. அதன் பின்னரே தட்டைப் பிறருக்குக் கொடுக்கலாம்; விற்கலாம். இயங்காத தட்டைக் கட்டளையால் அழிக்க இயலாது. அதனை உடைத்துச் சிதைக்கும் வசதியுடைய, பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் பெரியவர்கள் ஒப்படைக்க வேண்டும். இந்தியாவில் மின்னணுக் கழிவுகளைக் கையாள்வதற்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது பழமொழி. அழிப்பதற்கு ஒரு கட்டளை போதும். அழிந்ததைத் திரும்பப் பெற எக்கட்டளையும் இல்லை. அதனால்தான் ஐந்து படிகளில் அழித்தல் நான்காவதாக நிற்கிறது. காக்க வேண்டியதைக் காத்தவரே, அழிக்க வேண்டியதை அச்சமின்றி அழிக்க முடியும்.

அருஞ்சொற்பொருள்

- இயங்குதளம் – ஆப்பரேட்டிங் சிஸ்டம்
- வன்தட்டு – ஹார்டு டிஸ்க்
- திடநிலை வட்டு – எஸ்எஸ்டி
- கோப்பு – ஃபைல்
- உலாவி – பிரவுசர்
- வடிவமைப்பு – ஃபார்மேட்
- மறையாக்கம் – திறவு இல்லாதவர் படிக்க இயலாதவாறு தரவை மாற்றுதல்
- சுழியம் – பூச்சியம்
- இடர் – துன்பம், ஆபத்து

மொழியை அறிவோம்: தன்வினை, பிறவினை

கோப்பு அழிந்தது. – தன்வினை
அண்ணன் கோப்பை அழித்தான். – பிறவினை

எழுவாய் தானே ஒரு செயலை அடைவது தன்வினை. எழுவாய் பிறிதொன்றை அச்செயலை அடையச் செய்வது பிறவினை. அழிந்தது – அழித்தான் என்பதில் 'ந்த்' என்பது 'த்த்' என மாறியுள்ளதைக் காண்க.

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. கோப்பை நீக்கும்போது அது இருக்குமிடத்தைக் காட்டும் ________ மட்டுமே அகற்றப்படுகிறது.
2. வன்தட்டு முழுவதும் சுழியங்களை எழுதுவதற்கு ________ என்று பெயர்.

ஆ. பிறவினையாக மாற்றுக.

1. படங்கள் ஓரிடத்தில் சேர்ந்தன. (அம்மா)
2. பழுது நீங்கியது. (அப்பா)

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. விரைவு வடிவமைப்பு பாதுகாப்பானது அன்று. ஏன்?
2. அழிக்கும் வேளையில் நகல்கள் உள்ள வெளித்தட்டைப் பிரித்து வைப்பது ஏன்?

ஈ. சிந்தித்து எழுதுக.

1. பழைய தட்டைக் கழற்றியதும் ஒருவரின் கணினி தொடங்கவில்லை. காரணம் யாதாக இருக்கலாம்? அவர் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன?
2. நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதினால், 1000 ஜிபி தட்டை மேலெழுத எவ்வளவு நேரம் ஆகும்? (1 ஜிபி = 1000 எம்பி)

உ. செயல்திட்டம்

உங்கள் வீட்டுக் கணினியில் உள்ளவற்றுள், தொலைந்தால் மீண்டும் பெற இயலாதவை எவை, பிறர் பார்க்கக் கூடாதவை எவை எனப் பெற்றோருடன் கலந்து பேசி இரண்டு பட்டியல்களைத் தமிழில் எழுதுக.