இடிந்த ஊர், எழுந்த ஊர்

பிரான்ஸ் நாட்டின் வடக்கே, கடலோரத்தில் ஒரு நகரம் இருக்கிறது. அதன் பெயர் லெ ஆவ்ர். பிரெஞ்சு மொழியில் அந்தப் பெயருக்குத் 'துறைமுகம்' என்றே பொருள். பாரிஸ் நகரின் நடுவே ஓடும் சேன் ஆறு இந்த ஊரின் அருகில்தான் கடலில் கலக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்து. 1517-ஆம் ஆண்டில் முதலாம் பிரான்சுவா என்ற அரசர் கட்டளையிட்டார். சதுப்பு நிலத்தில் துறைமுகம் உண்டாயிற்று. அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது.

வெளியூர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? பழைய கோயில், கோட்டை, அரண்மனை. லெ ஆவ்ருக்கு வருகிறவர்கள் பார்ப்பது வேறு. அவர்கள் அடுக்குமாடி வீடுகளைப் பார்க்கிறார்கள். சாதாரணக் குடும்பங்கள் குடியிருக்கும் வீடுகள். மேலே பூச்சு இல்லை, வண்ணம் இல்லை. வெறும் கான்கிரீட்.

இந்த ஊரின் நடுப்பகுதியை 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. நம் தாஜ்மகால் இருக்கிறதே, அதே பட்டியலில் இந்தக் கான்கிரீட் வீடுகளும் சேர்ந்தன. கான்கிரீட் கட்டடத்தில் அப்படி என்ன சிறப்பு? அதைத் தெரிந்துகொள்ள நாம் 1944-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

இரண்டு நாளில் போன ஊர்

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1940-இல் ஜெர்மன் படை பிரான்ஸைப் பிடித்தது. லெ ஆவ்ர் பெரிய துறைமுகம். அதை விட்டால் எதிரியின் கப்பல்கள் வந்து இறங்கும். அதனால் ஜெர்மானியர் ஊரையே கோட்டைபோல ஆக்கினார்கள்.

1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலை அடைந்தது. ஆனால் லெ ஆவ்ரில் ஜெர்மன் படை விடாமல் இருந்தது. பிரிட்டிஷ் படை ஊரை வளைத்தது. பொதுமக்களை வெளியே அனுப்ப அவகாசம் கேட்கப்பட்டது. அது கிடைக்கவில்லை. செப்டம்பர் 5, 6 தேதிகளில் பிரிட்டிஷ் விமானங்கள் ஊரின் மேல் குண்டுகளைக் கொட்டின. நடுவூரில் இருந்தவர்கள் பெரும்பாலும் பொதுமக்கள். ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். விடுவிக்க வந்த நட்பு நாட்டின் குண்டுகளே அவர்களைக் கொன்றன.

செப்டம்பர் 12-இல் ஊர் விடுதலை ஆனது. ஆனால் கொண்டாட ஊர் எங்கே? கடைவீதி இல்லை. நகராட்சிக் கட்டடம் இல்லை. நாடக அரங்கு இல்லை. போர்க்காலம் முழுவதும் சேர்த்து 12,000-க்கும் அதிகமான கட்டடங்கள் அழிந்தன. 80,000 பேர் வீடு இழந்தார்கள். ஒரு பெரிய ஊரின் ஜனம் மொத்தமும் தெருவில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

பலர் தற்காலிகக் கொட்டகைகளில் குடியேறினார்கள். அமெரிக்கப் படையினர் தங்கிவிட்டுப் போன கொட்டகைகளும் அதற்குப் பயன்பட்டன. குளிர் நாட்டில் கொட்டகை வாழ்க்கை எவ்வளவு கஷ்டம்! சில குடும்பங்கள் அதில் ஓரிரு மாதம் அல்ல, பல ஆண்டுகள் இருந்தன.

கொத்தனார் மகன்

ஊரைத் திரும்பக் கட்டும் பொறுப்பை அரசு ஒருவரிடம் கொடுத்தது. அவர் பெயர் ஒகுஸ்த் பெரே. பிறந்தது 1874-இல். பொறுப்பு வந்தது 1945-இல். மற்றவர்கள் ஓய்வு எடுக்கும் வயதில் அவருக்கு ஒரு முழு ஊரைக் கட்டும் வேலை கிடைத்தது.

பெரேயின் தந்தை கல் வேலை செய்த கொத்தனார். பிறகு கட்டட ஒப்பந்தக்காரர் ஆனார். மகன் கட்டடக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். நன்றாகவே படித்தார். ஆனால் பட்டம் வாங்கவில்லை. தந்தையின் தொழிலில் இறங்கிவிட்டார். 1903-இல் பாரிஸில் கம்பி கட்டிய கான்கிரீட்டில் ஒரு அடுக்குமாடி வீட்டைக் கட்டத் தொடங்கினார். அந்தக் காலத்தில் கான்கிரீட்டைப் பெரும்பாலும் ஆலைக்கும் கிடங்குக்கும் பயன்படுத்துவார்கள். வீட்டுக்குக் கல்தான் கௌரவம். கல்லுக்கு உள்ள மரியாதை கான்கிரீட்டுக்கும் உண்டு என்று பெரே நினைத்தார். அதனால் அதைப் பூச்சால் மறைக்கக் கூடாது என்றார்.

லெ ஆவ்ரில் இடிபாடு மலைபோலக் குவிந்து கிடந்தது. சிமெண்டும் இரும்பும் தட்டுப்பாடு. இடிந்த கட்டடங்களின் கல்லை உடைத்து, ஜல்லியாக்கி, புதிய கான்கிரீட்டில் சேர்த்தார்கள். பழைய ஊர் புதிய ஊரின் சுவருக்குள் போனது.

கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு அடுத்த செய்தி பிடிக்கும். பெரே முழு ஊருக்கும் ஒரே அளவு வைத்தார். 6.24 மீட்டர், அதாவது ஏறக்குறைய இருபதரை அடி. தூணுக்கும் தூணுக்கும் இதுதான் இடைவெளி. கான்கிரீட் உத்திரம் சிக்கனமாகத் தாங்கும் நீளம் இது. அளவு ஒன்றாக இருந்ததால் உத்திரம், சுவர்ப்பலகை, ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நிறையச் செய்ய முடிந்தது. செய்ததைக் கொண்டுவந்து பொருத்தினால் போதும். வேலை வேகமாக நடந்தது. செலவும் குறைந்தது.

ஒரே அளவு என்றால் எல்லாம் ஒரே மாதிரி சலிப்பாக இருக்காதா? இருக்கும். அதைத் தவிர்க்க ஒரு வழி செய்தார்கள். மணலையும் ஜல்லியையும் மாற்றி மாற்றிக் கலந்தார்கள். ஒரு தூண் இளஞ்சிவப்பு, ஒரு சுவர் மங்கிய மஞ்சள், இன்னொன்று சாம்பல். கான்கிரீட் இறுகிய பிறகு, அம்மி கொத்துவதுபோல அதன் முகத்தைச் சுத்தியலால் கொத்தினார்கள். மேலே படிந்த சிமெண்ட் உதிர்ந்து உள்ளே இருக்கும் கல் தெரிந்தது. மாலை வெயில் படும்போது இந்தச் சுவர்கள் கருங்கல்லைப்போல மின்னும்.

யாருக்கு எந்த வீடு?

ஊரைக் கட்டுவதைவிடக் கடினமான கேள்வி இது. பழைய தெருக்கள் குறுகலானவை, கோணலானவை. புதிய தெருக்கள் நேரானவை, அகலமானவை. அப்படியானால் பழைய மனை எங்கே இருக்கிறது? உங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது சாலை ஓடும். 'என் மனை எனக்கு வேண்டும்' என்று நீங்கள் கேட்க மாட்டீர்களா? அங்கேயும் கேட்டார்கள். சண்டை வந்தது. வருத்தம் வந்தது.

கடைசியில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. இழந்த வீட்டின் மதிப்பைக் கணக்கிட்டார்கள். அதற்கு ஈடாக அடுக்குமாடியில் ஒரு பங்கு கொடுத்தார்கள். அதே இடம் இல்லை, அதே மதிப்பு. சில கட்டடங்களை யாருக்கு என்று முடிவாகும் முன்பே அரசு தன் செலவில் கட்டத் தொடங்கியது. கட்டி முடித்த பிறகு வீடுகளைப் பிரித்துக் கொடுத்தது.

இந்த ஏற்பாடு வீடு சொந்தமாக இருந்தவர்களுக்குத்தான். வாடகைக்குக் குடியிருந்த தொழிலாளிக்கு வீட்டின்மேல் உரிமை இல்லை. எவ்வளவு நல்ல திட்டமாக இருந்தாலும் இந்தக் குறையைச் சொல்லாமல் விட முடியாது.

உள்ளே போய்ப் பார்ப்போம்

நகராட்சிக் கட்டடம் ஒரு பெரிய சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கிறது. அதன் கோபுரம் 72 மீட்டர் உயரம். அந்தச் சதுக்கத்தின் பக்கத்தில் உள்ள அடுக்குமாடியில் ஒரு வீட்டை மட்டும் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். 2006 முதல் மக்கள் வந்து பார்க்கிறார்கள். வழிகாட்டி ஒருவர் கூடவே வந்து விளக்குவார்.

அரசர் வீடு இல்லை அது. நடுத்தரக் குடும்பத்தின் வீடு. சுமார் 100 சதுர மீட்டர். முன்பக்கமும் ஜன்னல், பின்பக்கமும் ஜன்னல். வெளிச்சமும் காற்றும் குறுக்கே போகும். ஜன்னல்கள் கதவுபோல ஆள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன. சமையலறை, குளியலறை, கழிப்பறை எல்லாம் வீட்டுக்குள்ளேயே. இன்று நமக்கு இது சாதாரணம். அன்று பழைய நகரின் நெருக்கடியான வீடுகளில் இருந்து வந்தவர்களுக்கு அது அதிசயம். மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் அந்தக் காலத்து எளிய மர வேலை. கொட்டகையில் குளிரில் கிடந்த ஒரு தாய் முதல் நாள் இந்த வீட்டில் குழாயைத் திறந்தபோது என்ன நினைத்திருப்பார்? பார்க்க வருகிறவர்கள் சமையலறையில்தான் அதிக நேரம் நிற்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்கிருந்து கடலை நோக்கி நடந்தால் புனித சூசையப்பர் தேவாலயம். இதுவும் கான்கிரீட்தான். குண்டு வீச்சில் இறந்தவர்களின் நினைவாகவும் இது நிற்கிறது. உயரம் 107 மீட்டர். கப்பலில் வருகிறவர்களுக்குத் தொலைவிலேயே தெரியும். வெளியே பார்த்தால் கலங்கரை விளக்கம்போல இருக்கும். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றும். இடையில் தளம் எதுவும் இல்லை. கோபுரம் முழுவதும் உள்ளே வெற்றிடம்.

சுவர்களில் 12,768 வண்ணக் கண்ணாடித் துண்டுகள். மார்கரித் உரே என்ற பெண் கலைஞர் செய்தவை. உருவங்கள் இல்லை, கதை இல்லை, வண்ணம் மட்டும். ஒரு திசையில் குளிர்ந்த நிறங்கள். வெயில் நேராக விழும் திசையில் பொன் நிறமும் செம்மஞ்சளும். காலையில் பார்த்த கோயில் மாலையில் வேறாக இருக்கும்.

பெரே இதை முடித்துப் பார்க்கவில்லை. 1954-இல் இறந்துவிட்டார். தேவாலயத்தை 1957-இல் அவருடைய கூட்டாளிகள் முடித்தார்கள். நகராட்சிக் கட்டடம் 1958-இல் திறந்தது.

மிஞ்சியவை

பழைய ஊரில் எதுவுமே மிஞ்சவில்லையா? கொஞ்சம் மிஞ்சியது. நோத்ர் டாம் என்ற பழைய தேவாலயம் சேதம் அடைந்தது. அதைச் செப்பனிட்டார்கள். துறைமுகத்தின் அருகே கப்பல் முதலாளியின் மாளிகை ஒன்று இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. ஐந்து அடுக்கு. நடுவில் கிணறுபோல ஒரு வெளி. மேலே கண்ணாடிக் கூரை. அதன் வழியாக வெளிச்சம் கீழ்த்தளம் வரை இறங்குகிறது. இப்போது அது அருங்காட்சியகம்.

அழகான வீடுதான். ஆனால் அதைக் கட்டிய காலத்தில் இந்தத் துறைமுகத்துக்குப் பணம் எப்படி வந்தது? சர்க்கரை, காப்பி, பருத்தி வியாபாரம். அத்துடன் மனித வியாபாரம். லெ ஆவ்ரிலிருந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவுக்குப் போயின. மனிதர்களை விலைக்கு வாங்கின. கடலுக்கு அப்பால் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக விற்றன. இந்த மாளிகையை வாங்கிய குடும்பமும் அந்த வியாபாரத்தில் பணம் சேர்த்த குடும்பம். கண்ணாடிக் கூரையைப் பார்க்கும்போது இதையும் நினைக்க வேண்டும்.

இன்னொன்றும் மிஞ்சியது. அது ஒரு ஓவியம். குளோத் மோனே என்ற புகழ்பெற்ற ஓவியர் சிறு வயதில் வளர்ந்தது இந்த ஊரில். 1872-இல் துறைமுகத்தின் காலைச் சூரியனை இங்கே ஒரு விடுதி ஜன்னலில் இருந்து வரைந்தார். பனி மூட்டம், இரண்டு மூன்று படகுகள், நடுவே ஆரஞ்சு நிறச் சூரியன். ஒரு புதிய ஓவிய முறைக்கே இந்தப் படத்தால்தான் பெயர் வந்தது. படம் இப்போது பாரிஸில் இருக்கிறது. அந்த விடுதி இல்லை. அதுவும் குண்டில் போய்விட்டது.

பிடிக்காத ஊர்

இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய ஊரை ஜனங்களுக்குப் பிடித்ததா? இல்லை. நெடுங்காலம் பிடிக்கவில்லை. தங்கள் பழைய சந்துகளையும் டீக்கடை போன்ற சிறு காப்பிக் கடைகளையும் நினைத்து ஏங்கினார்கள். வெளியூர்க்காரர்கள் 'கடலோர ஸ்டாலின்கிராட்' என்று கேலி செய்தார்கள். மழை நாளில் நனைந்த கான்கிரீட் பார்க்க மந்தமாகத்தான் இருக்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த வீடுகளில் பிறந்த குழந்தைகளுக்கு வேறு ஊர் தெரியாது. அதுதான் அவர்கள் ஊர். அவர்கள் வளர்ந்தார்கள். 2005-இல் யுனெஸ்கோ அறிவிப்பு வந்தது. அதன் பிறகு ஊர்க்காரர்களே வெளியூர் உறவினரை அழைத்துக்கொண்டு போய்த் தூண்களைக் காட்டினார்கள்.

நேர்க்கோடுகள் நிறைந்த இந்த ஊரின் நடுவில் இரண்டே இரண்டு வளைந்த வெள்ளைக் கட்டடங்கள் இருக்கின்றன. பிரேசில் நாட்டின் ஓஸ்கார் நீமேயர் வடிவமைத்தவை. 1982-இல் திறந்தார்கள். ஊரில் இதற்கு 'எரிமலை' என்று பெயர். சிலர் 'தயிர்க் குவளை' என்றும் சொல்வார்கள். பெரிய எரிமலைக்குள் நாடக அரங்கு. சின்ன எரிமலைக்குள் 2015 முதல் பொது நூலகம். வெளியே மழை, உள்ளே வளைந்த சுவர் ஓரத்தில் நாற்காலிகள். துறைமுகத் தொழிலாளியும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து படிக்கலாம்.

செய்து பாருங்கள்

பெரே பொறுப்பு ஏற்றபோது அவருக்கு எத்தனை வயது? பாடத்தில் உள்ள இரண்டு ஆண்டுகளைக் கொண்டு கணக்கிடுங்கள்.

ஒரு மீட்டர் என்பது சுமார் 3.28 அடி. சூசையப்பர் தேவாலயத்தின் உயரம் எத்தனை அடி?

உங்கள் தெரு முழுவதும் இடிந்து, புதிதாகக் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மனையைக் கேட்பீர்களா, அதே மதிப்புள்ள வேறு வீட்டை ஏற்பீர்களா? வாடகைக்கு இருப்பவர்களுக்கு என்ன செய்வீர்கள்? குழுவில் பேசுங்கள். முடிவை ஐந்து வரியில் எழுதுங்கள்.