பருவமும் பக்குவமும்

நம்மில் கடை வைத்திருக்கும் எவரும், மகனுக்கு மீசை அரும்பிவிட்டது என்பதற்காக அன்றைக்கே கல்லாப்பெட்டிச் சாவியை அவன் கையில் கொடுத்துவிடுவதில்லை. முதலில் சரக்கு அடுக்கச் சொல்வோம். பின்பு சில்லறை வசூலுக்கு அனுப்புவோம். பேரேட்டை எழுதவிட்டு இரவில் நாமே சரிபார்ப்போம். இரண்டு மூன்று வருடம் இப்படிச் சென்ற பிறகுதான் சாவி கைமாறும்.

இவ்வழக்கம் திருமறைக்கு ஒத்ததே. அநாதைகளின் சொத்தைப் பராமரிப்போருக்கு அருள்மறை (4:6) இடும் கட்டளை யாதெனில், அவர்கள் மண வயதை எட்டும் வரை சோதித்து வரவேண்டும். எட்டிய பின்னரும் அவர்களிடம் நன்மை தீமை பகுத்தறியும் திறன் தென்பட்டால்தான் பொருளை ஒப்படைக்க வேண்டும் என்பது. பருவம் ஒன்று, பக்குவம் வேறொன்று. இந்தப் பக்குவத்திற்கு அரபியில் ‘ருஷ்து’ என்று பெயர்.

பொருளுக்கே இத்தனை எச்சரிக்கை! ஆனால் மகள் விஷயத்தில் நாம் செய்வதென்ன? அவள் வயதுக்கு வந்த நாளிலிருந்து ‘வீட்டில் குமர் இருக்கிறது’ என்று சொல்லத் தொடங்குகிறோம். ‘இருக்கிறாள்’ என்றுகூட அல்ல, ‘இருக்கிறது’! அவளுடைய அண்ணன் பள்ளிக்கும் பந்தாட்டத்துக்கும் போய்வருவான். அவளுக்கோ ஊரில் படிப்பு நின்று மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு எழும்.

இப்பேச்சு ஊருக்குரியது, சிங்கப்பூருக்கு என்ன என்று கேட்கலாம். 1950ஆம் ஆண்டு இந்நகரத்தையே தீப்பற்ற வைத்தது இந்த வயதை ஒட்டிய ஒரு வழக்குதான். டச்சுப் பெற்றோருக்கு ஜாவாவில் பிறந்து, அமீனா என்னும் முஸ்லிம் மாதால் நத்ரா என்று பெயரிட்டு வளர்க்கப்பட்ட மரியா ஹெர்தோக், அவ்வருடம் ஆகஸ்டு 1ஆம் தேதி மன்சூர் அதாபி என்ற 22 வயது ஆசிரியருக்கு நிக்காஹ் செய்து கொடுக்கப்பட்டாள். அவளுக்கு வயது 13. தந்தையின் நாட்டுச் சட்டப்படி அந்த நிக்காஹ் செல்லாது என்று டிசம்பர் 2ஆம் தேதி தீர்ப்பாயிற்று. 11ஆம் தேதி மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். நத்ரா நடவடிக்கைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய கரீம் கனி தமிழ் முஸ்லிம்தான். முஸ்லிம் சிறுமியைக் கன்னிமாடத்தில் வைத்தார்களே என்ற மனக்கொதிப்பு நியாயமற்றதென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், 13 வயதுப் பிள்ளை மனைவியாகத் தக்கவள்தானா என்ற கேள்வி இரு தரப்புக் கூச்சலிலும் அமுங்கிப் போயிற்று.

பின்னர் 1966இல் இயற்றப்பட்ட முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் பெண்ணின் மண வயதை 16 என வைத்தது; 2008ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 18 ஆக்கிற்று. விசேஷ காரணமிருந்தால் பருவமடைந்த பெண்ணுக்கு அதற்கு முன்பும் காதி நிக்காஹ் செய்து வைக்கலாம். ஆணுக்கு இந்த விலக்கு இல்லை! அண்டையில் இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாகச் சட்டமோ குறைந்தபட்ச வயது எதையும் விதிக்கவில்லை. மணப்பெண்ணின் கையெழுத்தையும் கேட்கவில்லை.

உடலைப் பற்றிக் கூச்சமின்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. பெண்பிள்ளைக்குப் பெரும்பாலும் 12, 13 வயதில் மாதவிடாய் தொடங்குகிறது. அத்துடன் உடல் பிள்ளைப்பேற்றுக்குச் சித்தமாகிவிட்டது என்று எண்ணுவது பிழை. இடுப்பெலும்பு அதன் பின்னும் சில வருடம் வளர்கிறது. வளர்ந்து முடியாத இடுப்பில் சிசுவின் தலை சிக்கிப் பிரசவம் நாட்கணக்கில் நீடித்தால், மூத்திரப்பையில் துவாரம் விழுந்து சிறுநீர் ஓயாமல் கசியும். அறுவைச் சிகிச்சை கிட்டாத பெண் கணவனாலும் ஒதுக்கப்பட்டு மூலையில் கிடப்பாள். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் இக்கொடுமை இன்னும் உண்டு. இளந்தாய்மாருக்குப் பிரசவ வலிப்பும் கிருமித்தொற்றும் அதிகமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தேக்காவுக்கு அண்டையில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இருக்க வாழும் நமக்கு இவை தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். இந்தியாவில் 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். அதே வயது ஆண்களில் 31 பேர். மாதந்தோறும் இரத்தம் இழப்பவளுக்குத்தான் ஈரலும் முட்டையும் கூடுதலாக வேண்டும். நம் வீட்டுச் சஹனில் அவை முதலில் யார் பக்கம் போகின்றன?

இவற்றை யார் சொல்லிக் கொடுப்பது? அன்ஸாரிப் பெண்கள் வெட்கம் தடுக்காமல் மார்க்கத்தைக் கேட்டறிந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மெச்சியிருக்கிறார்கள். பெண்ணுக்கும் கனவில் குளிப்புக் கடமையாகுமா என்று உம்மு சுலைம் (ரலி) நாயகம் (ஸல்) அவர்களிடமே கேட்டார், பதிலும் பெற்றார். நாமோ ஹைளின் சட்டங்களை மத்ரஸாவில் ஓதவைத்துவிட்டு, வீட்டில் பேச்சை மாற்றுகிறோம். மகனுக்கோ அதுவுமில்லை, அவன் கைப்பேசியில் காண்பதே அவனுக்கு உஸ்தாத். பள்ளிகளில் நடத்தப்படும் பாலியல் கல்வி வேண்டாமென்று பெற்றோர் விலக்கிக்கொள்ளலாம். விலக்கிக்கொள்பவர் அந்தப் பாடத்தைத் தாமே நடத்தக் கடமைப்பட்டவர். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2019 முதல் உயர்நிலை ஒன்றில் படிக்கும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே போடப்படுகிறது. அந்தப் படிவம் வீடு வந்தால் ‘இந்த வயதில் இது எதற்கு’ என்று ஒதுக்கவேண்டாம். சிறுவயதில் போட்டால்தான் அதன் பயன் முழுமை.

சம்மதம் பற்றியும் ஒரு வார்த்தை. கன்னிப்பெண் விஷயத்தில் தந்தைக்கே அதிகாரம் என்று ஷாபிஈ மத்ஹபைக் காட்டுவார்கள். அவளிடம் கேட்பது ஸுன்னத் என்று அதே மத்ஹபு சொல்வதை மட்டும் காட்டமாட்டார்கள்.

இனி, வியாபாரிகளாகிய நம் கைக்கு நேரே வரும் விஷயம். ரமலான் பிறந்தால் ‘குமர் காரியம்’ என்று ஊரிலிருந்து ஜமாஅத் கடிதத்துடன் கடைக்கு ஆள் வருவதுண்டு. நாமும் ஸதக்கா என்று நோட்டை நீட்டுகிறோம். இந்தியாவில் பெண்ணின் சட்டப்படியான மண வயது 18. அந்தக் குமருக்கு 18 நிரம்பியதா, மாப்பிள்ளைக்குச் சம்மதித்தாளா என்று கேட்ட பிறகே கொடுத்தால் என்ன? நிரம்பவில்லையென்றால் அதே தொகையை அவள் படிப்புக்கென்று எழுதிக் கொடுக்கலாமே. இதை எழுதுபவனும் பல வருடம் கேட்காமலே கொடுத்தவன்தான். கடிதத்தில் தகப்பன் பெயர் இருக்கும், தொகை இருக்கும், முத்திரை இருக்கும். பெண்ணின் வயது இருக்காது. அதைக் கேட்டுத்தான் வாங்கவேண்டும்.