காடாம்புலியூர்க் கட்டுரையாளருக்கு ஒரு கடிதம்



2023 ஜூலையில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கான பரவனாற்று மாற்று வாய்க்காலுக்காக வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களுக்குள் பொக்லைன்கள் இறங்கியதைப் பற்றிய உங்கள் கட்டுரையில், வயலைக் காட்டும் பகுதி கடலூர்ப் பக்கத்திலிருந்து அண்மையில் வந்த உரைநடையில் தலைசிறந்தது. ஆனால் அடுத்து வரும் 'மக்களிடம் கருத்தே கேட்கவில்லை' என்ற வரி இரண்டு சட்டங்களைக் குழப்பி, அந்த உழைப்பை வீணாக்கிவிடுகிறது.

கருத்துக் கேட்புக் கூட்டம் என்பது, சுரங்கத்தால் நிலத்துக்கும் நீருக்கும் நேரக்கூடிய கேட்டை முன்கூட்டிக் கணிக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் ஓர் அங்கம். 2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்னறிவிப்புடன் அதைக் கூட்டுகிறது. நில எடுப்பு வேறு. 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், எடுப்பால் குடும்பங்களின் வாழ்வு எப்படி மாறும் என்று ஊராரைக் கேட்டு ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடோ தொழில் நோக்கங்களுக்கான தன் 1997ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்குப் பெற்று, 2019இல் உயர் நீதிமன்றம் அவ்விலக்கைச் செல்லாததாக்கியபோது அதே ஆண்டில் வேறொரு சட்டத்தால் அதை மீட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. வளையமாதேவி நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டதால், கேள்வி அந்த ஆண்டுகளின் ஆவணங்களிடம் கேட்கப்பட வேண்டும். கட்டுரையோ பொக்லைன் ஓட்டுநரைத் திட்டிக்கொண்டிருக்கிறது.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தோன்றியபோது நிலம் விட்ட ஊர்களுக்கு இவ்விரு வழிகளுமே இல்லை. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டுகையில் பழுப்பு நிலக்கரி கரிய பொருளாக வெளிப்பட்டதைப் பெருமையோடு சொல்லும் பண்ருட்டிப் பக்கத்துப் பெரியவர்கள், முந்திரித் தோப்புகள் போனதையும் அதே மூச்சில் சொல்வார்கள்; அவர்களைத் தேடிப் போகாததும் ஒரு குறையே.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது, கருத்துக் கேட்புக் கூட்டத்து முழக்கங்களை இரண்டு பக்கம் எழுதிய நீங்கள் அக்கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் புரட்டாததாகும். மக்கள் எழுப்பிய கேள்விகளும் நிறுவனத்தின் பதில்களும் தமிழில் தொகுக்கப்பட்டு அதனுடன் இணைக்கப்பட வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் அது பார்வைக்கு வைக்கப்படவும் வேண்டும். பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாமல் இறைத்தால்தான் நெய்வேலியில் சுரங்கம் நடக்கும் என்பதால், 'எங்கள் போர்வெல் வற்றினால் யார் பொறுப்பு' என்ற கேள்விக்கு அக்குறிப்பில் விடை உண்டா என்று பார்த்த பிறகே அடுத்த கட்டுரையை எழுதத் தொடங்குக.