செடி சேர்க்கத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு

அயல்நாட்டுச் செடிமேல் ஆசை வைத்து வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பீட்டர் காலின்சன் கதையை. 1694-இல் பிறந்த லண்டன் துணி வியாபாரி அவர். பிரிட்டனுக்குப் புதிதாகச் சுமார் 180 செடியினங்கள் அவர் கைவழியாக வந்தன என்பார்கள்.

1. பிழைப்பை விட்டுவிடாதீர்கள். காலின்சன் கடைசிவரை வியாபாரிதான். துணி போன கப்பலில்தான் அவருக்கு விதை வந்தது. கேப்டன்களைத் தெரியும், அக்கரையில் வாடிக்கையாளர்களைத் தெரியும்.

2. காட்டில் இறங்கி நடக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். பெரிய மனிதர்கள் விதை அனுப்புகிறேன் என்பார்கள், மறந்துவிடுவார்கள். காலின்சனுக்கு வாய்த்தவர் பிலடெல்பியா அருகே நிலம் உழுத ஜான் பார்ட்ரம். 1730-களில் தொடங்கிய கடிதப் போக்குவரத்து முப்பது ஆண்டுகளைத் தாண்டியது. இருவரும் ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொள்ளவில்லை.

3. செலவைப் பங்கிடுங்கள். பார்ட்ரம் அனுப்பிய ஒரு பெட்டியில் நூறு வகை விதை இருக்கும், விலை 5 கினி (அந்தக் கால ஆங்கில நாணயம்). ரிச்மண்ட், பெட்ஃபோர்ட் கோமகன்களைப் போன்ற தோட்டப் பித்தர்களைச் சந்தாதாரர்களாகச் சேர்த்தார் காலின்சன். மரம் ஏறி விதை பறித்தவருக்கு வருமானம் நிலைத்தது, இவருக்கும் விதை வந்தது. உங்களுக்கும் நாலு பேர் சேர்ந்தால் போதும்.

4. அனுப்புகிறவரின் உழைப்பை மதியுங்கள். இதில் காலின்சன்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. பார்ட்ரம் வர்ஜீனியாவுக்குப் புறப்பட்டபோது, அங்குள்ளவர்கள் நன்றாக உடுத்துகிறவர்கள், நீயும் நல்ல உடையில் போ என்று புத்தி சொல்லி எழுதினார். காடு மேடெல்லாம் அலைகிறவனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் 1765-இல் பார்ட்ரமுக்கு அரசரின் தாவரவியலாளர் பதவியும் ஆண்டுக்கு 50 பவுண்டும் கிடைத்ததில் காலின்சனின் முயற்சி பெரிது. அதற்காக மன்னித்துவிடலாம்.

5. வாங்கினால் திருப்பியும் கொடுங்கள். பார்ட்ரமுக்குப் புத்தகமும் ஐரோப்பியச் செடிகளும் போயின. பிலடெல்பியா நூலகத்துக்குக் காலின்சன் அனுப்பிய ஒரு கண்ணாடிக் குழாயை வைத்துத்தான் பெஞ்சமின் பிராங்க்ளின் மின்சாரச் சோதனைகளில் இறங்கினார்.

6. தொலைதூரத்துக்கு விதையே நல்லது. வேரோடு வந்தால் உப்புக்காற்று, எலி, தாகம் எல்லாம் கூடவே வரும்.

7. வாடகை வீட்டில் தரையில் நடாதீர்கள். லண்டனை அடுத்த பெக்கமிலிருந்து மில் ஹில்லுக்கு 1749-இல் குடிபோன காலின்சனுக்குச் செடிகளை மாற்றி முடிக்கவே இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

8. அரிய செடியைத் தெருவோரம் வைக்காதீர்கள். மில் ஹில் தோட்டத்தில் திருடர்கள் பலமுறை புகுந்தார்கள்.

9. மிஞ்சிய விதையை இந்தப் பருவத்திலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நம் தோட்டம் நமக்குப் பின் நிற்கும் என்று சொல்ல முடியாது. காலின்சன் 1768-இல் காலமானார். அவருடைய மில் ஹில் தோட்டம் இருந்த இடத்தில் இன்று ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. பார்ட்ரமின் தோட்டம் பிலடெல்பியாவில் இன்னமும் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம்.