அதிராத ஊரா நம் கோவை?

“கோவைக்கும் பூகம்பத்திற்கும் என்ன சம்பந்தம்?” என்று வகுப்பு நண்பர்கள் சிரித்தனர். 1900 பிப்ரவரி 8-ஆம் நாள் கோவைப் பகுதியில் தோன்றிய, ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. சென்ற கோடை விடுமுறை வரை நானும் இதை அறிந்திலேன்.

சரவணம்பட்டியில் எங்கள் பெரியப்பா கொத்தனார். நகரிலுள்ள பழைய தேவாலயம் ஒன்றில் சுவர் வெடிப்பைப் பூச அவரை அழைத்தனர். கையாளாக நானும் சென்றேன். மணிக்கோபுரமும் கூடமும் சேருமிடத்தில், மேலே அகன்றும் கீழே குறுகியும் ஓடியது வெடிப்பு.

“ஏனுங் பெரியப்பா, அஸ்திவாரம் இறங்கிருச்சுங்களா?”

“அப்படியும் இருக்கலாங் கண்ணு. ஆனா நெட்டையும் குட்டையும் ஒண்ணா ஆடாது.”

பள்ளியில் படித்த ஊசல் பாடம் நினைவுக்கு வந்தது. நீண்ட ஊசல் மெதுவாகவும் குறுகிய ஊசல் விரைவாகவும் ஆடும். கட்டடமும் ஏறத்தாழ அப்படியே. நிலம் அதிரும்போது கோபுரம் ஒரு கதியிலும் கூடம் வேறொரு கதியிலும் ஆட, இணைப்புக் கிழிகிறது.

கல்கத்தாவின் செயின்ட் பால் பேராலயம் இதைவிடப் பெரிய பாடம். 1847-இல் திறக்கப்பட்ட அதன் கூர்ங்கோபுரம் 1897 அசாம் நிலநடுக்கத்தில் சேதமுற்றது, செப்பனிட்டனர். 1934 ஜனவரி 15 பீகார்-நேபாள நிலநடுக்கத்தில் சரிந்தே போயிற்று. மையமோ 400 கிலோமீட்டருக்கும் அப்பால்! விரைந்த அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவான நீண்ட அலைகளே தொலைவு செல்லும். வண்டல் மண் அவற்றைப் பெருக்கும். அந்தக் கதிக்கு இசைந்து ஆடுபவை உயர்ந்த கட்டடங்களே. பிறகு கூர்முனையைக் கைவிட்டு, இங்கிலாந்தின் கான்டர்பரி பேராலயக் கோபுரத்தை ஒத்த சதுரக் கோபுரம் எழுப்பினர். பட்டபின் வந்த புத்திதான். ஆயினும் நல்ல புத்தி.

தர்மசாலாவுக்கு அருகேயுள்ள புனித யோவான் ஆலயத்தில் 1905 ஏப்ரல் 4 காங்ரா நிலநடுக்கம் மணிக்கோபுரத்தை வீழ்த்தியது, ஆலயம் நின்றது. 1915-இல் வார்க்கப்பட்ட புதிய மணி, கோபுரமின்றி வளாகத்திலேயே வைக்கப்பட்டுள்ளது.

நம் தேவாலயத்தாரோ, “சிமெண்டு வைத்து அடைத்துவிடுங்கள், திருவிழா வருகிறது” என்றனர். பெரியப்பா இசையவில்லை. சுண்ணாம்புக் காரை சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு இறுகி நின்று, பக்கத்திலுள்ள பழைய செங்கல்லையே உடைக்கும். மேலும், வெடிப்பு இன்னும் வளர்கிறதா என அறியாமல் பூசுவது, காய்ச்சல்காரனுக்குப் போர்வை போர்த்துவது போலாகும். 2002-ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணயம் கோவையை மூன்றாம் நில அதிர்வு மண்டலத்தில் வைத்தது என்று நானும் எடுத்துச் சொன்னேன். மாணவன் பேச்சு எடுபடுமா? பெரியப்பாவின் பிடிவாதமே எடுபட்டது. மூன்று மாதத் தவணை கிடைத்தது.

வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் காரையில் பதித்து, அருகே தேதியை எழுதினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஞாயிறுதோறும் பேருந்தேறிப் போய்ப் பார்த்து வருகிறேன். ஒன்பது வாரமாயிற்று, இன்னும் உடையவில்லை.