நரகம் வரையப் போகிறவர்களுக்கு

டெங்கிலிலிருந்து சைபர்ஜெயாவுக்குப் போய் அனிமேஷன் படிக்கும் பிள்ளைகள் சிலர், இறுதியாண்டுப் படத்துக்கு நரகத்தை எடுத்திருக்கிறார்கள். கோயில் சுவர்களுக்கு வண்ணம் தீட்டிய கிழவன் என்பதால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. கைப்பேசியில் படம் தேடுவதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். தேடினால் நெருப்பும் கொம்பும்தான் வரும். முதலில் படியுங்கள். பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் 28 நரகங்களை அடுக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் குற்றம், தனித் தண்டனை. ‘அந்நியன்’ (2005) படத்தில் ஷங்கர் எடுத்துக்கொண்ட மூன்றையும் பாருங்கள். அந்தகூபத்தில் எருமைக் கூட்டம், கும்பிபாகத்தில் கொதிக்கும் எண்ணெய், கிருமிபோஜனத்தில் அட்டைகள். நரகத்துக்கு நரகம் பொருள் மாறுகிறதே, உங்கள் கோடு மட்டும் ஏன் ஒரே மாதிரி இருக்க வேண்டும்?

2. இதுதான் முக்கியம். நம் பக்கத்து நரகம் முதலில் ஒரு நீதிமன்றம், வதைக்கூடம் அப்புறம்தான். அங்கோர் வாட் தெற்குச் சுற்றுச்சுவரில் 12ஆம் நூற்றாண்டுச் சிற்பி செதுக்கியதைப் பாருங்கள். பல கைகளோடு யமன் எருமை மேல் வீற்றிருக்கிறான். சித்திரகுப்தன் கணக்குச் சொல்கிறான். மேலே சொர்க்கம் போகிறவர்களின் வரிசை, கீழே இழுத்துப் போகப்படுகிறவர்களின் கூட்டம். 32 நரகங்களுக்கும் பக்கத்திலேயே சின்னக் கல்வெட்டு, இன்ன குற்றத்துக்கு இன்ன இடம் என்று. சீனர்களின் நரகமும் அப்படியே: பத்து நீதிமன்றங்கள், பத்து அரசர்கள். முதல் மன்றத்தில் செய்த பாவத்தைக் காட்டும் கண்ணாடி. கடைசியில் மெங் போ கிழவி கொடுக்கும் மறதிக் கஷாயம். குடித்துவிட்டு மறுபிறவிக்குப் போகலாம். வாசலும் உண்டு, வெளியேறும் வழியும் உண்டு. ஆகவே ஸ்டோரிபோர்டு போடுவதற்கு முன் ஒரு வரைபடம் போடுங்கள்: யார் எங்கே நிற்கிறார், யார் யாரை அழைக்கிறார், ஏடு யார் கையில்.

3. நேரில் போய்ப் பாருங்கள். கெந்திங் மலையில் சின் சுவீ குகைக் கோயிலில் சீன நரகத்தின் பத்து அறைகளும் சிலைகளாக நிற்கின்றன. சிங்கப்பூர் போகிறவர்கள் 1937இல் திறந்த ஹா பார் வில்லாவை விடாதீர்கள், அங்கும் இதே நரகம்தான். எல்லாரும் அறுபடுகிற உடம்பையே படம் பிடிப்பார்கள். நீங்கள் எழுத்தர்களின் முகத்தை நோட்டில் வரையுங்கள். அலுவல் பார்க்கும் முகம் அது, கோபமே இல்லை. எனக்குப் பயம் வருவது அங்கேதான்.

4. வெளியூர்க்காரர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. 1500ஐ ஒட்டி வரைந்த ஐரோப்பிய ஓவியர் போஷ், மனிதர்களை யாழிலும் வீணை போன்ற வாத்தியத்திலும் மாட்டி வதைக்கிறார். தன் ஊரில் கண்ட பொருள்களிலிருந்துதான் அவருடைய நரகம் முளைத்தது.

5. அப்படியானால் உங்கள் ஊர்ப் பொருள்கள் என்ன? புத்ராஜெயா எழும்பியபோது பிராங் பெசார் தோட்டத்திலிருந்து இங்கே தாமான் பெர்மாத்தாவுக்குக் குடிவந்த பாட்டிகளிடம் போய் உட்காருங்கள். விடியுமுன் பெரட்டுக்களம், பேர்ப்பதிவு செக்ரோலோடு நிற்கும் கிராணி, பேர் கூப்பிடும்போது இல்லாதவனுக்கு அன்றைய கூலி இல்லை. சித்திரகுப்தனுக்கு இதைவிட நல்ல மாதிரி எங்கே கிடைக்கும்? கிரீடத்தைக் கழற்றிவிட்டு அரைக்கால் சட்டையும் தொப்பியும் மாட்டிப் பாருங்கள். பாயா இண்டா ஈரநிலமும் ஒரு காலத்து ஈய லம்பம்தான், அதாவது ஈயச் சுரங்கம். இன்று அல்லி பூத்துக் கிடக்கிறது. லம்பத்தில் வேலை பார்த்தவர்கள் சேற்றை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். வள்ளுவர் சொல்லும் நரகத்திலும் இருளும் சேறும் உண்டு.

6. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போடாதீர்கள். எருமையும் மெங் போவும் ஒரே சட்டகத்தில் வரலாம். வந்தால் யார் அதிகாரம் யாருக்கு மேல் என்பதைப் பார்வையாளன் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ள வேண்டும். யமனைக் கேலி செய்யலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டது. ‘யமனுக்கு யமன்’ (1980) படம் எடுத்தவர்கள் செய்தார்கள், ஊரும் சிரித்தது. ஆனால் கேலி செய்வதற்கும் அவனுடைய வேலை என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

7. ஏழாம் சீன மாதம் கிள்ளானில் பேய்த் திருவிழாப் பந்தல்கள் எழும்பும். பேய்களின் அரசன் தாய் சூ யாவின் உருவத்தை மூங்கில் சட்டத்தில் காகிதம் ஒட்டிச் செய்வார்கள், முடிவில் எரித்துவிடுவார்கள். எனவே செய்யும்போதே போங்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். கூத்து மேடைக்கு முன்னால் காலியாகக் கிடக்கும் முதல் வரிசையில் உட்காராதீர்கள், அது ஆவிகளுக்கு ஒதுக்கியது.

8. வண்ணம் கடைசியில். முதல் மாதம் சிவப்பைத் தொடவே வேண்டாம். கரியில் வரைந்து, நடுக்கூடத்துச் சுவரில் ஒட்டுங்கள். பத்து அடி தள்ளி நிற்கும் உங்கள் அம்மாவுக்கு, எவன் நீதிபதி, எவன் குற்றவாளி, எவன் கணக்குப்பிள்ளை என்று தெரிகிறதா என்று கேளுங்கள். தெரிந்தால் வண்ணப்பெட்டியைத் திறக்கலாம். இல்லையென்றால் இன்னொரு தாள் எடுங்கள்.